களஞ்சியத்துச் சுவர்

சாயந்தரம் ஆறு மணி இருக்கும். ரோட்ல ஒரு ஆள் கிடையாது. கீழ்பென்னாத்தூர் பக்கம், மெயின் ரோட்ல இருந்து பிரிஞ்சு கடலைக்கொல்லைங்க நடுவுல போற ஒத்தைத் தார் ரோடு. அது முடியற எடத்துல ஒரு குன்று. குன்று மேல பழைய கோட்டை. எந்தக் கோட்டைன்னு கேக்காதீங்க. சொன்னா நாளைக்கே உங்கள்ல ரெண்டு பேரு வண்டி எடுத்துனு கிளம்பிடுவீங்க.

கிட்ட வந்து உக்காருங்க. கரண்ட் இப்போதைக்கு வராது. மழை சத்தத்துல என்னால கத்திச் சொல்ல முடியாது... இது கத்திச் சொல்ற விஷயமும் இல்ல.

என் கூட பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டறான்ல திருமலை, அவன் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. வேடியப்பன்னு பேரு. அந்தக் கோட்டைக்கு அவர்தான் வாட்ச்மேன். கவர்மெண்ட் எடுத்துப் பாதுகாக்கற எடம். கீழ புல்லு வளர்த்து ஒரு பார்க்கு, ஊஞ்சல், சறுக்கு மரம். படியேறிப் போனா இடிஞ்ச மண்டபம். அதுக்குப் பக்கத்துல பெருசா ஒரு செங்கல் களஞ்சியம். அந்தக் காலத்துல படைக்கு நெல்லு கொட்டி வச்சது. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. உச்சியில மட்டும் நெல்லு கொட்டறதுக்கு ஒரு வாய். அதுலயும் யாரும் விழுந்துடக் கூடாதுன்னு கம்பி போட்டுப் பூட்டிட்டாங்க.

வேடியப்பன் கறாரான ஆளு. செவுத்துல எவனாவது பேரு கிறுக்கினா வண்டி சாவியப் புடுங்கி வச்சுக்குவாரு. "ஒரு செங்கல்லு மேல கை வச்சாலும் கேசுடா"னு விரட்டுவாரு.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அவர் சம்சாரம் அருணாதேவி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. அதனால பொண்ணு கவிநிலாவைக் கூடவே இட்டுனு வந்துட்டாரு. ஒண்ணாவது படிக்கிற கொழந்தை. பகல் பூரா ஊஞ்சல்லயே கிடந்தா. கூட்டமெல்லாம் போனப்புறம் இவரு கேட்டைச் சாத்தப் போனாரு. சாத்திட்டுத் திரும்பிப் பாத்தா...

ஊஞ்சல் ஆடினு இருக்குது. கொழந்தை இல்ல.

பார்க்கு பூரா தேடினாரு. புதர் புதரா தேடினாரு. கூப்ட்டு கூப்ட்டு தொண்டை கட்டிப் போச்சு. அப்புறம் மேல ஓடினாரு. பாதிப் படியில ஒரு வாசனை... அவிச்சு ஆறப்போட்ட நெல்லு வாசனை. சுத்தி எங்கயும் நெல்லு இல்லீங்க. எல்லாம் கடலைக்கொல்லை.

களஞ்சியத்துக்கிட்ட போனதும் கேட்டுச்சு. சன்னமா. செவுத்துக்குள்ள இருந்து.

"அப்பா... இருட்டா இருக்குதுப்பா..."

உச்சிக்கு ஏறிப் பாத்தாரு. பூட்டு போட்டபடியே இருக்குது, துரு ஏறி. டார்ச் அடிச்சா உள்ள வெறும் தரை. எறங்கி வந்து செவுத்துல காதை வச்சா... "சீக்கிரம் வாப்பா."

வேடியப்பன்கிட்ட இருந்து போன் வந்ததும் திருமலை அக்காவையும் ஏத்திக்கினு ஆட்டோவுல பறந்தான். ஃபயர் சர்வீஸ் வந்துச்சு, போலீஸ் வந்துச்சு. பூட்டை அறுத்து, கயிறு கட்டி ஒருத்தரு உள்ள எறங்கினாரு. வவ்வால் எச்சம்தான் கெடக்குது, வேற ஒண்ணுமில்ல. ஆனா அவரு உள்ள நிக்கறப்பவே வெளிய இருக்கறவங்களுக்குக் கொழந்தை அழறது கேக்குது. அவரு உள்ள இருந்து கத்தறாரு. "சார், வெளியதான் சார் அழுவுது! செவுத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க!"

வெளிய இவங்க நிக்கறாங்க. இவங்களுக்கும் அவருக்கும் நடுவுல... செவுரு மட்டும்தான்.

வேடியப்பன் கடப்பாரையைத் தூக்கிட்டாரு. நாலு பேரு அமுக்கிப் புடிச்சாங்க. "மேலிடத்து ஆர்டர் இல்லாம இதைத் தொடக் கூடாது, உனக்குத் தெரியாததாய்யா?"ன்னாங்க. அந்த மனுஷன் தரையில விழுந்து ஒவ்வொருத்தர் காலா புடிச்சாரு. "ஒரே ஒரு செங்கல்லு சார்... காத்தாவது போவட்டும் சார்..."

இதைச் சொல்றப்ப திருமலையே அழுதுட்டான்.

அப்பதான் கீழ இருந்து ஒரு போலீஸ்காரர் சத்தம் போட்டாரு. கொழந்தை கெடச்சிடுச்சுன்னு. எல்லாரும் ஓடினாங்க. சறுக்கு மரத்துக்கு அடியில உக்காந்துனு இருந்தா கவிநிலா. சட்டையில மண்ணு கூட இல்ல. அருணாதேவி வாரி அணைச்சுக்கினு கதறிட்டாங்க. மேல கேட்டது எதிரொலியா இருக்கும்னு சொல்லிட்டு எல்லாரும் வண்டி ஏறினாங்க.

வேடியப்பன் பொண்ணைத் தோள்ல போட்டுக்கினு கேட்டு வரைக்கும் வந்தாரு. பின்னாடி, குன்று மேல இருந்து...

"அப்பா, என்னை விட்டுட்டுப் போறியேப்பா!"

அதைத் திருமலையும் கேட்டான். தோள்ல இருந்த கொழந்தை மட்டும் திரும்பிப் பாக்கல.

வீட்ல அவ நல்லாத்தான் இருந்தா. சாப்பிட்டா, இஸ்கூல் போனா, வாய்ப்பாடு சொன்னா. கொறைன்னு ஒண்ணு சொல்ல முடியாது. ஆனா வேடியப்பன் தெனம் பொழுது சாய்ஞ்சா அந்தச் செவுத்துக்கிட்ட போயிடுவாரு. வீட்ல நடந்ததெல்லாம் அது சொல்லுது. ஒரு தடவை புருஷன் பொண்டாட்டி சண்டையில இவரு மாடியில போய்ப் படுத்துக்கிட்டாரு. கவிநிலா யாருக்கும் தெரியாம போர்வை எடுத்துனு போய்க் குடுத்தாளாம். அதைச் செவுரு சொல்லுச்சு. ஓடி வந்து வீட்ல இருக்கற கொழந்தையைக் கேட்டாரு. அவளும் சொன்னா. போர்வை என்ன கலருன்னு கூட சொன்னா.

யாரை நம்பறது, சொல்லுங்க?

"இவதான் என் பொண்ணு, பைத்தியம் புடிச்சு அலையாத"ன்னு அருணாதேவி சண்டை போட்டாங்க. அவரு கேக்கல. ஒரு நாள் தனியா கடப்பாரையோட போய் செவுத்தை இடிச்சாரு. விடிய விடிய இடிச்சு ஒரு ஆள் நுழையற அளவு ஓட்டை போட்டாரு. உள்ள பூந்து பாத்தாரு. யாரும் இல்ல. பக்கத்துச் செவுத்துல இருந்து குரல் வருது. "அப்பா, பசிக்குதுப்பா."

வேலை போச்சு. கேசு ஆச்சு. ஓட்டையைப் புதுச் செங்கல்லு வச்சு அடைச்சிட்டாங்க. அப்பவும் புது வாட்ச்மேன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி உள்ள போவாரு. போவப் போவ குரல் கம்மியாயினே வந்துச்சு. பேச்சு நின்னு போச்சு. வெறும் அழுகைதான். அப்புறம் அதுவும் இழுத்து இழுத்து...

கடைசியா திருமலை காலைப் புடிச்சாரு. "மச்சான், ஒரே ஒரு தடவை... ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பாத்துடறேன்." அக்காவுக்குத் தெரியாம கொழந்தையை ஆட்டோவுல ஏத்தினான் திருமலை.

மேல போனாங்க. நல்லா இருட்டிப் போச்சு. உள்ள அழுகை கேக்குது. காதை ஒட்டி வச்சாதான் கேக்குது, அவ்ளோ சன்னம். வேடியப்பன் கொழந்தையை எறக்கி விட்டாரு. அவளாவே நடந்து போனா. செவுத்துல ரெண்டு கையையும் வச்சா. வாயைச் செங்கல்லுல ஒட்டி வச்சு, மெதுவா கேட்டா.

"நீ இன்னுமா இருக்கே?"

அழுகை டக்குனு நின்னுடுச்சு.

செவுத்துல காதை வச்சுப் பாத்தா. அப்புறம் திரும்பி வந்து வேடியப்பன் வெரலைப் புடிச்சுக்கிட்டா.

"வாப்பா, வீட்டுக்குப் போலாம்... இனிமே அது அழுவாது."