நீல அட்டை

— எடு அத. எடுன்னா எடு.

— அம்மா, அது கை உறை.

— ஒண்ணு கையில மாட்டியிருக்கேன். மாத்திக்க ஒண்ணு பையில இருக்கு. மூணாவது எதுக்கு? எனக்கென்ன மூணு கையா?

— முதல்ல கேளு. வேர்வையில நனைஞ்சா உறையோட இறுக்கம் குறையும். இறுக்கம் குறைஞ்சா நீர் தேங்கும். நீர் தேங்கினா கை வீங்கும்.

— ஆபரேஷன் ஆன நாள்லேர்ந்து நீ இந்தக் கையப் பாக்குற பார்வையில, அதுவே பயந்து வீங்குது.

— சிரிப்பு வரல.

— சிரிக்கச் சொல்லல. எடுக்கச் சொன்னேன். பதினஞ்சு கிலோவுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் நடை நடத்துறவங்க பைய வண்டியில ஏத்த மாட்டாங்களாம். உங்கப்பா காலையிலேர்ந்து அந்தக் கொக்கித் தராசத் தூக்கிட்டு அலையிறாரு, பாவம்.

— ஆக மொத்தம் பதினேழு கிலோ முன்னூறு.

— கேட்டுக்க.

— அப்பா, ஆட்டாம தூக்கினீங்களா? ஆடினா முள்ளு தப்பா காட்டும்.

— ஆடாம அசையாமத்தான் தூக்கினேன், விஞ்ஞானி அம்மா. என் இடுப்பு சாட்சி.

— ரெண்டு கிலோ முன்னூறு குறைக்கணும். பாப்பா, என்னென்ன வச்சிருக்க? ஒண்ணொண்ணா சொல்லு.

— சாக்ஸ் பன்னெண்டு ஜோடி.

— பன்னெண்டா? நான் என்ன பூரானாடி?

— ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போடணும். அப்பத்தான் ரெண்டு துணியும் ஒண்ணோட ஒண்ணு உரசும், தோல் உரசாது, கொப்புளம் வராது. மதியம் மாத்தணும். ஒரு நாளைக்கு நாலு ஜோடி. மூணு நாளைக்குப் பன்னெண்டு.

— சரி, சாக்ஸ் இருக்கட்டும். இது என்ன டப்பா?

— காய்ச்சல் பாக்குறது, பிரஷர் பாக்குறது, பிளாஸ்டர், கட்டுத்துணி, களிம்பு மூணு விதம், கை சுத்தளவு எடுக்க அளவு நாடா, எழுதி வைக்க ஒரு நோட்டு.

— ஆம்புலன்ஸ மடிச்சு வைக்க மறந்துட்டியே.

— கிண்டல் பண்ணு. நல்லா பண்ணு.

— வழி நெடுக மூணு கிலோமீட்டருக்கு ஒரு பந்தல். அங்க நர்ஸு இருப்பாங்க, தண்ணி இருக்கும், நாற்காலி இருக்கும். அறுநூறு பேரு நடக்கிறோம். அதுல பாதிப் பேரு என்னை மாதிரி மார எடுத்தவங்க. அவங்களுக்குத் தெரியாத கை வீக்கமா உனக்குத் தெரியும்?

— ஏம்மா, இது என்ன இவ்வளவு கனம்? இந்த ஒரு பை மட்டும் முக்கா கிலோ காட்டுது.

— ஏங்க! அத கீழ வைங்க.

— என்னன்னுதானே கேட்டேன்.

— மார்புங்க. சட்டைக்கு உள்ள வைக்கிறது. கொக்கியில மாட்டித் தொங்க விட்டுட்டு நிக்கிறீங்க.

— ஐயோ. மன்னிச்சுக்க.

— அதுகிட்ட கேளுங்க மன்னிப்ப. பாப்பா, அந்தக் கனமானது வீட்டுலயே இருக்கட்டும். பஞ்சு வச்சது போதும்.

— பஞ்சு அவ்வளவு எடை இருக்காது. ஒரு தோள் மேல ஏறும், முதுகு இழுக்கும். நடக்கும்போது தெரியாது, மறுநாள் தெரியும்.

— மூணு நாள் கொஞ்சம் சாஞ்சு நடந்தா ஊரு ஒண்ணும் சாயாது. அங்க கூடாரத்துல எல்லாரும் கழட்டித் தலைமாட்டுல வச்சிட்டுத்தான் தூங்குவாங்களாம். என் கூட்டாளி சொன்னா.

— யாரு, அந்த பஸ் ஓட்டுற அக்காவா?

— அவளேதான். கரண்ட் வைக்க ஆஸ்பத்திரிக்குப் போன ஆறு வாரமும் அவ பக்கத்து நாற்காலி. முடி முளைக்கட்டும், ரெண்டு பேரும் சேந்து நடப்போம்னு அங்க உக்காந்துதான் பேசி வச்சோம். அப்ப அவளுக்குப் புருவம் கூட இல்ல. பேசும்போது ஆச்சரியப்படுறாளா கோவப்படுறாளான்னே தெரியாது எனக்கு.

— உனக்கு இதெல்லாம் வெளையாட்டா இருக்கு.

— வெளையாட்டு இல்லடி. இந்த ரெண்டு வருஷத்துல என்னைக்கு வெட்டணும், எவ்வளவு மருந்து ஏத்தணும், எந்தப் பக்கம் படுக்கணும், எல்லாத்தையும் அடுத்தவங்க சொன்னாங்க. நான் தலையாட்டினேன். நானா வாயத் தொறந்து சொன்னது இது ஒண்ணுதான். மூணு நாள், அறுபது கிலோமீட்டர், நடப்பேன்னு. அதுக்காகத்தான் அஞ்சு மாசமா பஸ்ஸ விட்டுட்டு ஃபேக்டரிக்கு நடந்தே போறேன். மழையில கூட.

— எனக்குத் தெரியும்மா. குடையோட பின்னாடியே வந்தேனே.

— வந்த. நான் கேட்டேனா? வெளியூர்ல கிடைச்ச லேப் வேலைய விட்டுட்டு வந்த. அதையும் நான் கேக்கல. இப்ப என் பின்னாடி குடையத் தூக்கிட்டு நடக்கிறதுதான் உனக்கு உத்தியோகமா?

— உங்க ரெண்டு பேரு சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காலையில தபால்ல ஒரு பொட்டலம் வந்துச்சு. நடைக்காரங்க அனுப்பினது போல.

— அப்பா, அத குடுங்க. நான் பிரிக்கிறேன்.

— இவ எதுக்குப் பிரிக்கணும்? என் பேருக்குத்தானே வந்திருக்கு. இங்க குடுங்க.

— அம்மா, குடு. பாத்துப் பிரிக்கணும்.

— பொட்டலம் பிரிக்கவும் பட்டம் வேணுமா? கைய எடு. சட்டை. அளவு சரியாத்தான் இருக்கு. தொப்பி ஒண்ணு. இது கழுத்துல மாட்டுற அட்டை. ஏங்க, இத படிங்க, என் கண்ணாடி சமையலறையில இருக்கு.

— “ஒரு நாள் நடப்பவர்.” நீல அட்டை.

— ஒரு நாளா? இல்லையே. என் கூட்டாளிக்கு வந்தது சிவப்பு. நேத்துதான் போன்ல காட்டினா. சிவப்புதான் மூணு நாளு. மாத்தி அனுப்பிட்டாங்க.

— உள்ள ஒரு கடிதமும் இருக்கு. “தங்கள் குடும்பத்தினர் கேட்டுக்கொண்டபடி, தங்கள் பெயரை முதல் நாள் நடைக்கு மட்டும் மாற்றியுள்ளோம். மற்ற இரண்டு நாட்களும் தாங்கள் எங்கள் வண்டியில் வரலாம்.”

— எந்தக் குடும்பத்தினர்? நீங்களா?

— நானா? எனக்கு அவங்க நம்பரே தெரியாதும்மா.

— பாப்பா. அந்த சாக்ஸ மடிக்கிறத நிறுத்து. என்னைப் பாரு.

— முதல்ல கேளு.

— கேக்க மாட்டேன். நீ பேசினியா அவங்ககிட்ட?

— பேசினேன்.

— என்னன்னு?

— கை வீக்கம் இன்னும் வடியல, டாக்டர் யோசிக்கிறாருன்னு.

— எந்த டாக்டர்?

— முதல்ல நான் சொல்றத...

— எந்த டாக்டருடி யோசிக்கிறாரு? என் டாக்டர் தாராளமா நடங்கன்னு படிவத்துல கையெழுத்துப் போட்டாரு. நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்த.

— அவரு மாசத்துல பத்து நிமிஷம் பாக்குறாரு. நான் தினமும் பாக்குறேன்.

— பன்னெண்டு ஜோடி சாக்ஸ்! நாளுக்கு நாலுன்னு எண்ணி எண்ணி வச்சியே! ஒரு நாளுதான்னு தெரிஞ்சுகிட்டே எண்ணினியா?

— குறைச்சு வச்சா நீ கண்டுபிடிச்சிடுவ. அங்க போனதும் பதமா சொல்லலாம்னு இருந்தேன்.

— பதமாவா? ரெண்டாவது நாள் காலையில, அத்தன பேரும் ஷூ கட்டிகிட்டு நிக்கும்போது, நீங்க வண்டியில ஏறிக்கோங்கம்மான்னு ஒருத்தன் வந்து சொல்லுவான். நான் ஏறி உக்காந்து ஜன்னல் வழியா அவளுக்குக் கையாட்டணும். அதானே?

— நீ நடு ரோட்டுல விழுந்தா?

— விழுந்தா எழுந்திருப்பேன். எழுந்திருச்சு எனக்கு நல்லா பழக்கம். போன எடு. இப்பவே மாத்தச் சொல்லு.

— ஆக மொத்தம் அதுக்கும் இந்தக் கடிதத்துல ஒரு கெடு போட்டிருக்காங்க. இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எந்த மாற்றமும் முடியாதாம்.

— மணி என்னங்க?

— நாலு நாப்பத்திரெண்டு.

— போடு பாப்பா.

— அம்மா, ஒரே ஒரு தடவ நான் சொல்றத...

— போடு!

— போட்டுட்டேன். காத்திருக்கச் சொல்லி ஏதோ இசை வருது.

— காத்திரு. வைக்காத.

— விஞ்ஞானி, ஏன் இப்படிப் பண்ணின? நம்ம வீட்டுலயே படிச்சவ நீதான்...

— அதுதான்பா பிரச்சன. ஒரு கெமிஸ்ட்ரி பட்டம். அத வச்சுகிட்டு உங்க எல்லாருக்கும் நான் டாக்டர் ஆயிட்டேன். தலைவலியா, அவளக் கேளு. தடிப்பா, அவளக் கேளு. அன்னைக்கும் அப்படித்தான். அம்மா குளிச்சிட்டு வந்து என் கையப் புடிச்சு அந்த இடத்துல வச்சு, இது என்னன்னு பாருன்னா.

— பாப்பா, அத இப்ப எதுக்கு...

— நான் சொல்லணும்மா. தொட்டுப் பாத்தேன்பா. நகந்துச்சு. வலிக்குதான்னு கேட்டேன். லேசா வலிக்குதுன்னா. புத்துன்னா வலிக்காதும்மா, இது வெறும் கொழுப்புக் கட்டி, ஒண்ணும் இல்ல, விடுன்னு சொல்லிட்டு மறுபடி போனப் பாக்க ஆரம்பிச்சேன். எங்கயோ அரைகுறையா படிச்சத அப்படியே அளந்து விட்டேன். நாலு மாசம் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதுக்குள்ள அது அக்குள் வரைக்கும் போயிடுச்சு.

— இது எனக்கு யாரும் சொல்லலையே.

— யாருக்கும் தெரியாது. அம்மாவும் வாயத் தொறக்கல. ஒரு தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கலாம். போடி நீயும் உன் படிப்பும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சூப் கொண்டு போனா குடிச்சா. மாத்திரை நீட்டினா முழுங்கினா. ஒண்ணும் ஆகாது, நடன்னு இந்தத் தடவ என் வாயால சொல்ல முடியலப்பா. ஒரு தடவ சொன்னதுக்கே... ஹலோ? ஆமாங்க. ஆமா, பேசினது நான்தான், அவங்க மக. மறுபடி மூணு நாளைக்கே மாத்தணும். இல்லைங்க, வீக்கம்... காரணமா? காரணம் வந்து...

— குடு இங்க. ஹலோ, நான்தான் நடக்கிறவ. வீக்கம் எல்லாம் இல்லம்மா, அது வீட்டுல ஒரு குழப்பம். டாக்டர் கையெழுத்து உங்ககிட்டயே இருக்கு, பாத்துக்கோங்க. மூணு நாளும் நடக்கிறேன். ஆமா, அறுபதும். சிவப்பு அட்டைய அங்க வந்து வாங்கிக்கலாமா? சரிம்மா. ரொம்ப நன்றி.

— மாத்திட்டாங்களா?

— மாத்தியாச்சு. ஏங்க, கொஞ்சம் டீ போட்டு எடுத்துட்டு வாங்க.

— நானா?

— நீங்கதான். போகும்போது கதவ சாத்திட்டுப் போங்க.

— ஆக மொத்தம் என்னை வெளிய போகச் சொல்ற.

— ஆமாங்க. மெதுவா போடுங்க.

— போறேன், போறேன்.

— அம்மா, திட்டு. இப்பவாவது திட்டு.

— அட்டைய மாத்தினதுக்கு உன்னை உக்கார வச்சுத் திட்டுவேன். நடந்துட்டு வந்து, உன்னைக் கால அமுக்கிவிடச் சொல்லிகிட்டே ஒரு வாரம் திட்டுவேன். அது பாக்கி இருக்கு.

— அதுக்கு இல்ல. அன்னைக்குச் சொன்னதுக்கு.

— அதுக்கு என்னால திட்ட முடியாது.

— ஏன்? பெத்தவங்கிறதாலயா?

— இல்ல.

— பின்ன? பாவம், சின்னப் பொண்ணுன்னா? இந்தப் பெருந்தன்மையத்தான்மா என்னால தாங்க முடியல. நீ சும்மா இருக்க இருக்க எனக்கு மூச்சு முட்டுது.

— பெருந்தன்மையா? எனக்கா? உக்காரு. எத்தன தடவ வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா? நீ ராத்திரி பகல் பாக்காம என் மாத்திரைய அடுக்கும்போதெல்லாம் இன்னைக்கு சொல்லிடணும்னு நினைப்பேன். சொன்னா நீ உன் வேலையப் பாக்கக் கிளம்பிடுவன்னு பயம். மருந்து ஏத்துற நாள்ல எல்லாம் எனக்கு நீ பக்கத்துல வேண்டியிருந்துச்சு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு.

— என்னம்மா சொல்ற? எத சொல்லணும்னு நினைச்ச?

— உங்கிட்ட காட்டுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, உடனே ஸ்கேன் எடுங்கன்னு ஃபேக்டரி டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்திட்டாரு பாப்பா; அத மடிச்சு பீரோவுல போட்டுட்டு, ஒண்ணும் இல்லன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் உங்கிட்ட வந்தேன்.