ஜடையனின் சாவைக் கணேசன் கேலி செய்யவில்லை

நான் வாய்மூடி இருந்தது போதும்.

தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய நஞ்சுண்டசாமி ஐயா அவர்களே, மன்றத்தின் செயலாளரும் பொருளாளரும் தேவைப்பட்டால் தலைவருமான கிருஷ்ணராஜ் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் விஜயநகர்ப் பெரியோர்களே, ஹெப்பாளில் இரவு வேலை முடித்துக் கண்ணெரியக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய தோழர்களே, கொள்ளேகாலத்திலிருந்தும் ஹனூரிலிருந்தும் வந்திருக்கும் உழவர் பெருமக்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த வணக்கத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழா மேடையில் சொல்வதற்காகத்தான் எழுதினேன். அழைப்பிதழின் முதல் அச்சில் என் பெயர் இருந்தது. இரண்டாம் அச்சில் அந்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருக்கிறது. ஆகவே மேடை இல்லாமல் பேசுகிறேன். ஒலிபெருக்கி இல்லை, பொன்னாடை இல்லை, நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு நீட்டவும் ஆள் இல்லை. மைசூர்த் தமிழர்களே, இந்தச் சுதந்திரம் எந்தப் பேச்சாளருக்குக் கிடைத்திருக்கிறது?

பின்வரிசையில் யாரோ முனகுவது இங்கிருந்தே கேட்கிறது. 'சாரு மறுபடியும் ஓடைக்கதைய எடுத்துட்டாரு.' எடுக்கத்தான் போகிறேன் தம்பி. உட்காருங்கள்.

ஓடை என்றால் என்ன? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர்களுக்காகவும் சொல்கிறேன். ஓர் இணையதளத்தில் புதிதாக ஏதாவது எழுதினால், அந்த எழுத்து ஒரு செய்தியோடையாக வெளியே வரும். உங்கள் வீட்டுக் கணினியில் வாசிப்பான் என்ற மென்பொருள் இருந்தால், நீங்கள் விரும்பிய தளங்களின் முகவரியை அதற்கு ஒருமுறை கொடுத்தால் போதும். அதுவே போய்ப் பார்க்கும், அதுவே எடுத்து வரும், தலைப்புகளை வரிசையாக வைக்கும். நடுவில் விளம்பரம் இல்லை. நடுவில் குட்மார்னிங் இல்லை. நடுவில் யாருடைய மருமகனும் இல்லை.

அப்படி ஒரு வாசிப்பானைத் தமிழ் எழுத்து சிதையாமல் ஓடும்படி எழுதியவன் நான். சம்பள வேலை முடிந்த மாலைகளில் எழுதினேன். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் உங்கள் கணினிகளில் போட்டுக் கொடுத்தேன். மன்றத்தின் தளத்திலிருந்து சாவுச் செய்தி வந்தது, வேலைச் செய்தி வந்தது, கோபிநத்தம் போகும் பஸ் நேரம் மாறினால் அதுவும் வந்தது. அப்போது எனக்குக் காபி கொடுத்தீர்கள். இப்போது என்னைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறீர்கள். இருக்கட்டும். அந்தக் கணக்கை இன்றைக்கு எடுக்கவில்லை.

பிறகு வாட்ஸப் குழு வந்தது. அதைத் தொடங்கியவர் மனோஜ்குமார். செயலாளரின் அக்கா மகன். ஒரு பொத்தானை அழுத்திக் குழு தொடங்கியதற்காக, ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் 'கணினித் தமிழ்ச் சுடர்' என்று கேடயம் கொடுக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சுடர் என்றால், வீட்டில் கிரைண்டர் போடும் என் மனைவி லீலா எத்தனை பெரிய சூரியன்?

சிரிக்காதீர்கள். சிரிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

குழு வந்ததும் எழுத்து போயிற்று, படம் வந்தது. பிறந்தநாளுக்கு ஒரு போஸ்டர், பெயர்சூட்டு விழாவுக்கு ஒரு போஸ்டர், பல்லாங்குழிப் போட்டிக்கும் ஒரு போஸ்டர். எந்தப் போஸ்டரிலும் சுற்றிலும் பூ, பூவுக்குள்ளே செயற்குழு, செயற்குழுவின் முகத்திலே சிரிப்பு. சேதி எங்கே? கீழே ஒரு மூலையில், வளைத்து நெளித்த எழுத்தில். படம் விழுந்த உடனே எல்லோரும் 'வாழ்த்துகள்' போட வேண்டும் என்பது நம் வழக்கம். போடாதவனைத் திமிர் பிடித்தவன் என்போம். என்னைச் சொன்னீர்களே, மறந்துவிடுமா?

அந்த வழக்கத்தை ஒருநாளும் தவறவிடாதவர் கணேசன். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். சர்க்கரை நோய் அவர் கண் இரண்டையும் வாங்கிக்கொண்டது. அவர் கணினியில், எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருளையும் என் வாசிப்பானையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். காலையில் உட்காருவார், மன்றத்துச் செய்தியை எல்லாம் காதால் கேட்பார், யாருக்கு என்ன என்று மனைவி கனகாவுக்கு அவர்தான் சொல்வார். கண் போனபிறகும் அந்த வீட்டில் செய்தி சொல்கிறவராக அவரே இருந்தார்.

தளத்தில் எழுதுவதைச் செயலாளர் நிறுத்தினார். படம் போட்டாயிற்று, அதே போதும் என்றார். ஓடை வற்றியது. கணேசன் போனுக்கு மாறினார். படத்தில் என்ன இருக்கிறது என்று இப்போதைய போன் சொல்லுமே என்கிறீர்களா? சொல்லும் ஐயா, சொல்லும். என்ன சொன்னது என்று கேளுங்கள்.

ஜடையன் இறந்தார். கணேசனும் ஜடையனும் கோபிநத்தத்திலிருந்து ஒன்றாக மைசூர் வந்தவர்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே ஷிப்டில் நின்று, ஒருவர் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியவர்கள். ஜடையன் இருந்தது ஊரின் மறுகோடியில். மாரடைப்பு. மாலைக்குள் எடுத்துவிட்டார்கள். கனகா அன்று ஊரில் தங்கை வீட்டில் இருந்தார். கணேசனுக்கு ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? குழுவில் போட்டாயிற்றே! குழுவில் போட்டால் சொன்னதாகத்தானே அர்த்தம்!

மன்றம் இரங்கல் போஸ்டர் போட்டது. நடுவில் சின்ன வட்டத்தில் ஜடையன். சுற்றிலும் எப்போதும் போடுகிற அதே முகங்கள், அதே சிரிப்பு, அதே பூ. கணேசனின் போன் அதைப் பார்த்துச் சொன்னது: "படம். பலர் சிரிக்கிறார்கள். பூக்கள் இருக்கின்றன."

கணேசன் வழக்கம்போல, மற்றவர்கள் எழுதுமுன்பே, போனிடம் வாயால் சொல்லி எழுத வைத்தார்: மனமார்ந்த வாழ்த்துகள், இதுபோல் இன்னும் பல காண வேண்டும்.

தாய்மார்களே, அந்தப் பதிலுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அவர்களும் இருப்பார்கள். குடிகாரன் என்று எழுதினார் ஒருவர். பழைய பகை போல என்று எழுதினார் இன்னொருவர். 'இவருக்குக் கண் தெரியாதே' என்று எழுத ஒரு விரலுக்கும் தோன்றவில்லை. கணேசன் அதையெல்லாம் கேட்பதற்குள் மனோஜ்குமார் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். சுடர் அல்லவா, சுட்டது.

மறுநாள் கணேசன் எனக்குப் போன் செய்தார். "சாருங்க, போனு ரிப்பேர் ஆயிருச்சாட்ட இருக்குதுங்க. நேத்திருந்து ஒரு மெசேஜும் வரலீங்க. சித்த வந்து பாருங்களே."

போனேன். போனில் ரிப்பேர் எதுவும் இல்லை என்பதையும், என்ன நடந்தது என்பதையும், ஜடையன் இல்லை என்பதையும் நான்தான் சொன்னேன். கணேசன் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பித் தடவினார். பிறகு கேட்டார்.

"ஜடையனுக்குங்களா நான் வாழ்த்துச் சொன்னேன்?"

இந்தக் கேள்விக்கு மன்றத்தில் யாரிடம் பதில் இருக்கிறது? மேடையில் பதில் இருக்கிறதா? மாலையில் இருக்கிறதா? கேடயத்தில் இருக்கிறதா?

கனகா ஊரிலிருந்து வந்ததும் அவரைக் கைபிடித்து ஜடையன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஜடையனின் மனைவி லிங்கம்மா கதவைத் திறக்கவில்லை. "எங்கூட்டுச் சாவுல சிரிச்சவங்க எங்க வாசல்ல நிக்க வேண்டாம்" என்று உள்ளிருந்து சொன்னாராம். லிங்கம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் குழுவில் படித்தது அவ்வளவுதான். அவருக்கு யாரும் வேறு சொல்லவில்லை.

செயற்குழுவில் சொன்னேன். படம் போடுங்கள், முகம் போடுங்கள், உங்கள் மூக்கை மூன்று பக்கம் போடுங்கள். தளத்தில் மூன்று வரி எழுத்தும் போடுங்கள் என்றேன். யார், எங்கே, எப்போது. அது ஓடையில் போகும், கணேசனின் கணினி படிக்கும். நடந்த தவற்றை மன்றமே லிங்கம்மாவிடம் சொல்லட்டும் என்றும் கேட்டேன்.

கிருஷ்ணராஜ் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: "சும்னே எதுக்கு சார் தலைநோவு? கம்ப்யூட்டர் தொறந்து இப்ப யாரு படிக்கறாங்க? எல்லாம் போன்லயே ஆயிது. மொகம் இல்லாம போஸ்டர் போட்டா அடுத்த வருஷம் கமிட்டில நிக்க ஆளு வருமா, நீங்களே சொல்லுங்க."

தலைவர் நஞ்சுண்டசாமி ஐயா விசிறியைப் பார்த்தார். விசிறி நன்றாகத்தான் சுற்றியது. விழா முடிந்ததும் தளத்தையே மூடிவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரம் அழைப்பிதழின் இரண்டாம் அச்சு வந்தது.

ஆம், எனக்குக் கோபம் உண்டு. என் வாசிப்பானைக் குப்பை என்றீர்கள், கோபம். என் பெயரை வெட்டினீர்கள், கோபம். ஆனால் கணேசன் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பாராட்டு கேட்டாரா? குழுவில் திரும்பச் சேர்க்கச் சொன்னாரா? நான் மேடையில் பேசப் போகிறேன் என்று தெரிந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாங் கேலி பண்ணலீங்கன்னு சபையில ஒரு வார்த்த சொல்லிருங்க சாரு. லிங்கம்மா காதுல விழுந்தாப் போதும்."

அந்த ஒரு வார்த்தைக்காக எழுதிய பேச்சு இது. வணக்கம் எல்லாம் அலங்காரம். அந்த வார்த்தைக்குத்தான் மேடையில் இடமில்லை என்றார்கள்.

மேடை போனால் என்ன? தளம் ஞாயிறுவரை திறந்திருக்கிறது. என்னிடமுள்ள அதன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று சுடர்களுக்குத் தோன்றவில்லை. வற்றிய ஓடையில் கடைசியாக ஒரு செய்தி விடப் போகிறேன்.

ஜடையனின் மகள் பூங்குழலி, நீ வேறு தளங்களின் வேலைச் செய்திகளுக்காக என் வாசிப்பானை இன்னும் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இது உன் திரையில் வரும். அம்மாவை அருகில் உட்கார வைத்து, என் வசவுகளை விட்டுவிட்டு, கணேசன் பகுதியை மட்டும் படித்துக் காட்டு. அந்தப் போன் சொன்ன வாக்கியத்தை இரண்டு முறை படி. பிறகு கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர் விருப்பம்.

தலைப்புக்குக் கீழே பெயர் போடலாமா என்று யோசித்தேன். எனக்கும் பெயர் ஆசை உண்டு. இந்த மன்றத்தில்தானே வளர்ந்தேன். ஆனால் என் பெயரைப் பார்த்த உடனே நீங்கள் பழைய சண்டை என்று மூடிவிடுவீர்கள். லிங்கம்மாவும் அப்படியே நினைக்கக்கூடும். முகத்தைப் போட்டுச் சேதியைத் தொலைத்தவர்கள் நீங்கள். அதே தப்பை நானும் செய்யமாட்டேன்.

இதுவரை மனத்துக்குள் கைதட்டியவர்களுக்கும், கல்லைத் தேடியவர்களுக்கும், என்னைப் பேசவிடாமல் பேச வைத்த செயற்குழுவுக்கும் நன்றி. கண்ணால் படிப்பவர்களுக்கும் காதால் படிப்பவர்களுக்கும் வணக்கம்.

வாசிப்பானில் முதலில் தெரிவது தலைப்பு மட்டும்தான். பலர் அதற்குமேல் திறப்பதில்லை. அதனால் சொல்ல வேண்டியதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டேன். பெயர் போடாமல் பதிவிடுகிறேன்.