பந்து உரசிய சத்தம்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். கிடங்கு வேலை அன்றோடு போயிருந்தது. கால் வலித்ததும் தேக்கா போகும் பேருந்தில் ஏறினேன். மாலை வெயில் சன்னலில் ஊர்ந்தது; எனக்குப் பாதித் தூக்கம். முன் இருக்கையில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த இருவர், முழங்காலில் புல் கறையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருக்குமே கேக்காத சத்தம் உங்களுக்கு மட்டும் எப்படி மாமா கேட்டுச்சு?" என்றான் இளையவன்.

"கேட்டுச்சு மாப்ள. பந்து பேட்ல உரசிட்டுத்தான் கீப்பர் கைக்குப் போச்சு."

"கடைசி விக்கெட். ரெண்டு ரன் எடுத்திருந்தா ஃபைனல் லா! அவுட்டாகி வந்தவங்கதான் அம்பயர் நிக்கணும்னு ரூல் போட்டது யாரு? நீங்க முட்டை வாங்கிட்டு வந்து, சொந்த மச்சினனுக்கே விரலத் தூக்குறீங்க. அக்கா கேட்டா என்ன சொல்வீங்க?"

"அவுட்டுன்னுதான் சொல்வேன். அவ சோறு போடலன்னாலும் பரவால்ல. நீ பேசாம மட்டும் இருந்துடாத மாப்ள."

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேருந்து மழைமரங்களின் நிழலுக்குள் புகுந்தது. வெளிச்சம் பச்சையாகி எல்லார் முகத்திலும் அசைந்தது. மூத்தவர் அவனைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் கண் அயர்ந்து, இளையவன் குரல் கேட்டு விழித்தேன்.

"மாமா."

"ம்?"

"எனக்கும் கேட்டுச்சு."

மூத்தவர் சிரிக்கவில்லை. தண்ணீர் போத்தலைத் திறந்து முதலில் அவனிடம் நீட்டினார்.

மறுநாள் காலை தேக்காவில் ஒரு காய்கறிக் கடையில் மூட்டை இறக்கும் வேலை கேட்டுப் போனேன். பழைய வேலை ஏன் போயிற்று என்று முதலாளி கேட்டார். வேலை நேரத்தில் தூங்கிவிட்டேன் என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, வெங்காய மூட்டையைக் காட்டினார்.