கழிவு என்று எழுதப்பட்ட ரத்தம்

பெயர் இசைவாணி, வயது 33, தந்தை பெயர் சோலை. முகவரி: வாடிப்பட்டி, பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெரு. தொழில்: விவசாயத் தொழிலாளர் சிறுநீரக ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்தக் களப்பணியாளர்.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். இன்று காலை பத்து மணிக்கு யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். லோடு ஆட்டோ ஓட்டும் சோணை என்பவரை நேற்று மாலை இங்கே கொண்டுவந்து வைத்திருப்பதாக அவர் மனைவி இருளாயி போனில் சொன்னதால் வந்தேன். இன்று சோணைக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டிய நாள்.

உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள பதினான்கு ஊர்களில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத கூலியாட்களுக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்று கண்டறிவதற்காக அரசு நிதியில் நடந்த ஐந்தாண்டு ஆய்வு இது. நான்கு ஆண்டுகளாக நான் காலை ஆறு மணிக்கெல்லாம் போய், ஆட்கள் காட்டு வேலைக்குக் கிளம்புமுன் ரத்தம் எடுத்து, மதுரை அலுவலகத்து உறைபெட்டியில் மைனஸ் எண்பது டிகிரியில் வைத்து வந்தேன். ஆண்டுதோறும் அதே ஆட்களிடம்தான் எடுக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் அவருடைய முந்தைய ஆண்டுகளின் ரத்தமும் பயன்படாது.

சென்ற மார்ச்சில் திட்டத் தலைவர் டாக்டர் சிவக்குமார் அனுப்பிய அறிக்கையில், ஒன்பது பேரில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றும், அந்த ஊர்களின் தண்ணீரையும் பூச்சிமருந்தையும் சோதிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதன்பின் நடந்த கூட்டத்தில் சுகாதாரத் துறைத் துணை இயக்குநர், “எலெக்சன் முடியுற வரைக்கும் அந்த ஒரு பாராவ எடுத்திருங்க டாக்டர்” என்றார். டாக்டர் எடுக்கவில்லை. நான் அந்த அறையில் இருந்தேன். அதன்பின் ஜூலையில், இந்த ஆய்வு முன்னுரிமைப் பட்டியலில் இல்லை, உடனே மூட வேண்டும் என்று கடிதம் வந்தது. டாக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். முன்னுரிமைப் பட்டியல் போட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பதினான்கு ஊரில் ஒன்றையும் பார்த்ததில்லை.

அதன்பின், உறைபெட்டி இருந்த அறையைப் புதிய திட்டத்தின் தொடக்க விழாவுக்குக் காலி செய்ய வேண்டும் என்றும், ரத்தக்குப்பிகளை மருத்துவக் கழிவாக அழிக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. வெளியூர் ஆய்வகம் ஒன்று அவற்றை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்ததால், ஒரு மாதம் தவணை தாருங்கள் என்று துணை இயக்குநரிடம் கேட்டேன். “கூலிக்காரன் ரத்தத்த வச்சு என்னம்மா கோயிலா கட்டப் போறீங்க?” என்றார்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் போனபோது உறைபெட்டியின் பிளக் பிடுங்கப்பட்டு, ஒயர் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. உள்ளே மைனஸ் முப்பத்து நான்கு காட்டியது. நான் பிளக்கைச் செருகப் போனபோது காவலாளி, “வேணாம்மா, எனக்கு வேலை போயிரும்” என்றார். அதன்பின் சோணைக்குப் போன் செய்து, “அண்ணே, நம்ம ஊரு ரத்தமெல்லாம் உருகிட்டு இருக்கு, வண்டி வேணும்” என்றேன். “இம்புட்டுத்தானா? அதுக்கு ஏன் அழுகுற, வாரேன்” என்றார். சோணையும் இந்த ஆய்வில் ரத்தம் கொடுத்தவர். முதல் வருடம் அவருக்கு நோய் இல்லை.

அதன்பின் ஐஸ்கிரீம் கம்பெனியில் உலர்பனி (டிரை ஐஸ்) வாங்கிவந்து, இருபத்து மூன்று தெர்மோகோல் பெட்டிகளில் குப்பிகளை நானே அடுக்கினேன். டயாலிசிஸ் ஊசி குத்தும் இடது கையால் பாரம் தூக்கக் கூடாது என்பதால், சோணை ஒற்றைக் கையாலும் தோளாலும் அணைத்துத் தூக்கி வண்டியில் ஏற்றினார். வாசல் பதிவேட்டில் நேரத்தையும், என்ன கொண்டுபோகிறேன் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். சோணை வாடகைக்கு வந்தவர். இதில் அவருக்கு வேறு பங்கில்லை.

உத்தரவில் கழிவு என்று எழுதிய அதே துணை இயக்குநர், இங்கே கொடுத்திருக்கும் புகாரில் அரசுச் சொத்து திருட்டு என்று எழுதியிருக்கிறார். கழிவு என்றால் நான் எதைத் திருடினேன்? சொத்து என்றால் பிளக்கை ஏன் பிடுங்கினார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் நான் கேட்டபடியே எழுதச் சொன்னேன்.

குப்பிகள் இப்போது ஓர் உறைபெட்டியில் கெடாமல் இருக்கின்றன. எங்கே என்று இங்கே சொல்ல மாட்டேன். அழிக்க மாட்டோம் என்று எழுத்தில் உத்தரவு கிடைத்தால் நீதிமன்றத்தில் சொல்கிறேன்.

நான் இவ்வளவும் சொன்னபின், பதினொன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் சோணையை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கால் வீங்கிச் செருப்பு நுழையாததால் சோணை அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் தலைமைக் காவலர் முருகம்மாள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, “எங்க அண்ணனும் காட்டு வேலைதாம்மா. ஒரு மாசமா அவனுக்கும் கால் வீங்குது, சுகரெல்லாம் இல்லங்குறாங்க. இந்தச் சோதனைய எங்க போயி எடுக்கணும்?” என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள், சிறுநீரகம் கெட்டிருக்கிறதா என்று சொல்வார்கள், ஏன் கெட்டது என்று சொல்ல இப்போது யாரும் இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினார்.

மேலே உள்ளவை நான் என் வாயால் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. அனைத்தும் உண்மை என ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சோ. இசைவாணி