மூன்று பானைத் தண்ணீர்

குழாய் வாயில் கட்டுவதற்குப் பழைய வேட்டித் துணிதான் நல்லது, இன்ஸ்பெக்டர் ஐயா. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். நாலு வருஷம் உடுத்திக் கிழிந்த துணியாக இருந்தால் துருப்பொடி ஒன்றுகூடத் தப்பாது.

பஃபலோ ரோட்டில் எங்கள் கடைவீட்டு மாடியில் ஒன்பது குடும்பத்துக்கும் ஒரே குழாய். அறுபத்து மூன்றில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது, நின்று நின்று வந்த தண்ணீர் துருவோடு செக்கச்செவேலென்று வந்தது. நான் மூன்று பானைகளை அடுக்கினேன். மேலே மணல், நடுவே கரி, கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர். சிங்கப்பூர் ஆற்றையே ஊற்றினாலும் இளநீராக இறங்கும் என்று சொன்னேன். மறுநாள் விடியும்போதே ஒன்பது வீட்டுச் செம்பும் என் வாசலில் வரிசை நின்றன.

"செல்லக்கண்ணு அண்ணே, முதல் செம்பு எனக்குத்தான் லா" என்பாள் முன்னறைப் பிலோமினம்மாள். என் பெண்சாதி செத்துப்போன பிறகு, இந்தப் பதினொரு வருஷத்தில் விடிந்ததும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் செம்போடு வந்த இவர்கள்தான்.

பிறகு வீட்டுச் சொந்தக்காரர் புதுக்குழாய் போட்டார். தண்ணீர் தெளிந்தது. என் பானைகளுக்குக் கொசு மட்டும் வந்தது.

ஆகவே அந்தக் குழாய்க்குத் தண்ணீர் இறங்கும் மொட்டைமாடித் தொட்டியில் சைக்கிள் சங்கிலி, ஆணி, ஒரு குதிரை லாடம், கொஞ்சம் உப்பு எல்லாம் போட்டேன். பத்து நாளில் பழைய நிறம் வந்துவிட்டது. செம்புகளும் வந்துவிட்டன.

பிலோமினம்மாளின் புருஷன் ஆம்ப்ரோஸ் துறைமுகத்தில் ஃபிட்டர். தைப்பூசத்தன்று வீடே டேங்க் ரோட்டுக்குக் காவடி பார்க்கப் போயிருந்தது. இவர்கள் இருவரும் மாதா கோயில்காரர்கள், போகவில்லை. அவள் தேக்கா மார்க்கெட்டுக்குப் போக, அவர் மொட்டைமாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"என்னய்யா இது, இரும்புக்கடையா வச்சிருக்கீங்க?" என்றார், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி. "புதுக்குழாயில துரு எப்படி வரும்னு மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன். எல்லாரும் வரட்டும், உங்க வண்டவாளத்தைக் காட்டுறேன்."

அடியில் கிடந்த லாடத்தை எடுக்க இடுப்புவரை உள்ளே குனிந்தார். கால் தரையில் படவில்லை. நான் கணுக்காலைப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தேன். பிறகு மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஒரு பீடி குடித்தேன். மூடி ஏழெட்டுத் தடவை தட்டியது. தூரத்துக் காவடி உறுமி மேளச் சத்தம் என்று வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் காவடி பார்த்தவர்கள் நாக்கு வறண்டு திரும்பினார்கள். ஆளுக்கு இரண்டு செம்பு.

மூன்றாம் நாள், "தண்ணி ஒரு மாதிரியா இருக்கே அண்ணே" என்றார் மளிகைக்கடை சேதுபதி.

"புதுக் கரி" என்றேன். சாயங்காலம் பானையில் வெட்டிவேர் போட்டேன்.

ஒருவரும் தொட்டிக்கு ஏறவில்லை. துணி சிவந்தால் என்னிடம் வருவதுதான் அந்த வீட்டு வழக்கம். பிலோமினம்மாள் மட்டும் செம்போடு நின்று அழுவாள். "எங்க போனாருன்னே தெரியலண்ணே." பாவம், அவளுக்கு மட்டும் இரண்டு தடவை வடிகட்டிக் கொடுத்தேன்.

அவள் புகார் கொடுக்க, ஏழாம் நாள் நீங்கள் வந்து மூடியைத் திறந்தீர்கள். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்பது குடும்பம் ஆறு நாள் அந்தத் தண்ணீரைக் குடித்ததே, ஒரு பிள்ளைக்காவது வயிற்றுப்போக்கு வந்ததா என்று விசாரித்து, தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.