பிரஷர் குளிசை

சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நாட்கள். மூதூர்ப் படகுக்குப் போகுமுன் பைகளைச் சோதிக்கும் வரிசையில், திருகோணமலை இறங்குதுறையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“இந்த மருந்துக்கடையால பெரிய கரைச்சல் அக்கா,” என்றாள் இளையவள். “என்ர மனுசன்ர பிரஷர் குளிசை வந்திருக்காம். அவர் வேலை செய்யிற கந்தோர் இன்சூரன்ஸ் காசு கட்டுதாம். வந்து எடுக்கட்டாம் எண்டு ஒரே கோல்.”

“வேலைக்குப் போன மனுசனை மாசக்கணக்கா இன்னும் காணேல்லை எண்டு சொல்லன்.”

“சொன்னனான். பிறகு கடையில வேற ஒரு பிள்ளை எடுத்து முதல்ல இருந்து கேக்குது.”

“அப்ப செத்துப்போனார் எண்டு சொல்லு. பேரை வெட்டிப்போடுவினம். கரைச்சல் முடிஞ்சிது.”

“என்ர வாயால அதைச் சொல்ல ஏலாது அக்கா.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவளுடைய பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நல்ல ஏச்சு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

“ஓம் பிள்ளை,” என்றாள் மெதுவாக. “அவர் வெளியில போயிருக்கிறார். வந்தோடன அனுப்பிவிடுறன். அவற்ற குளிசையை வேற ஆருக்கும் குடுத்துப்போடாதேங்கோ.”