ரோவீனாவின் பொத்தான்

எனக்குத் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கமே கிடையாது. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், டிடெக்டிவ். நான் ஏதோ அரசியல் வெறியில் இதைச் செய்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. அதில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

லேன்டர்ன் செய்தி நிறுவனத்தில் பார்வையாளர் ஆய்வுப் பிரிவுக்கு நான் தலைவன். எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே ஃபோரம். இரண்டுமே லிபரல்களுக்கான சேனல்கள். ஒரே கட்சியைத்தான் இருவரும் திட்டுகிறோம். ஒரு பேராசிரியர் ஏழு மணிக்கு அங்கே உட்கார்ந்து ஜனநாயகம் செத்துவிட்டது என்பார். எட்டு மணிக்குத் தெருவைக் கடந்து வந்து எங்களிடமும் அதையே சொல்வார். போட்ட பவுடர்கூடக் கலைந்திருக்காது. வலதுசாரிகள் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். ஆகவே இருக்கிற லிபரல்களைத்தான் நாங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

எங்களைப் பார்ப்பவர்கள் நல்ல ஜனங்கள்தான். வாசல் புல்வெளியில் எல்லோரையும் வரவேற்கும் பலகை நட்டிருப்பார்கள். அடுத்த தெருவில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வரப்போகிறது என்று தெரிந்தால், போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டிக் கையெழுத்து வாங்கித் தடுத்துவிடுவார்கள். நாங்கள் தப்பான செய்தி சொன்னால்கூட மன்னிப்பார்கள். நாங்கள் திட்டுகிற எதிர்க்கட்சிக்காரர் ஒருவரிடம் ஆறு நிமிடம் மரியாதையாகப் பேசிவிட்டால் போச்சு, மறுநாளே ஃபோரத்துக்குப் போய்விடுவார்கள்.

எண்ணுகிற முறை எளிதானது. கணக்கெடுப்பு நிறுவனத்தார் நாடெங்கும் சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டிவிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியை வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு பொத்தான். அவ்வப்போது பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும். இன்னும் உட்கார்ந்திருப்பவர் தன் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு விரல் பல ஆயிரம் பேருக்குச் சமம். விளம்பரம் கொடுப்பவர்களுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்தான் வேண்டும். எங்களைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பெட்டி இருக்கும் வீட்டார் அதை வெளியே சொல்லக் கூடாது. தெரிந்தாலும் நாங்கள் அவர்களை நெருங்கக் கூடாது.

ரோவீனா டில்லிங்ஹாஸ்ட் சொல்லிவிட்டார். மான்ட்கிளேரில் பள்ளி நூலகர், ஐம்பத்து மூன்று வயது, தனியாக இருப்பவர். அக்டோபரில் நாங்கள் எதிர்க்கட்சியின் முன்னாள் செனட்டர் ஒருவரை அழைத்துப் பேசியதைக் கண்டித்து நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். தன் வீட்டில் பெட்டி இருப்பதாகவும், தினமும் இரவு எட்டு மணிக்கு நாட்டுக்காகப் பொத்தானை அழுத்துவதாகவும், இனி ஃபோரத்துக்கு அழுத்தப்போவதாகவும் அதில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு நாலு பேரிடம் சொல்லாமலிருக்க இவர்களால் முடியாது.

அந்தக் கடிதத்தை நான் சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஓர் எலுமிச்சை கேக் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

அவர் கதவைத் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அந்த ஆள எதுக்குப்பா கூப்பிட்டீங்க? அவன் பேசறது நியாயமா வேற இருக்கு. அதுதான் ஆபத்து.”

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அதன் பிறகு வாரா வாரம் வியாழக்கிழமை போனேன். எதிர்க்கட்சி விருந்தினர்கள் வேண்டாம் என்றார். ஆய்வு அப்படிச் சொல்கிறது என்று மேலிடத்தில் சொன்னேன், நிறுத்தினார்கள். வெள்ளச் செய்தி வாசிக்கும்போது எங்கள் ஏழு மணிச் செய்தி வாசிப்பாளரின் முகம் மலர்ச்சியாக இருக்கிறது என்றார். அந்த மனிதரை ஞாயிறு காலைக்கு மாற்றினார்கள். ரோவீனாவின் விரலும் எங்கள் பக்கம் திரும்பியது. நாடு முழுக்க விசாரித்து எடுத்த ஆய்வு என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். எத்தனை பேரிடம் கேட்டாய் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவர் என்று சொல்லியிருப்பேன்.

டிசம்பரில் எங்களுக்கும் ஃபோரத்துக்கும் மயிரிழைதான் வித்தியாசம். வருடக் கணக்கு முடிகிற கடைசி நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. எங்கள் இயக்குநர் தேயர் மதியம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“எதிர்க்கடையவிட நமக்கு ஒரு தலை ஜாஸ்தி இருந்தா போதும், லோவெல். இல்லேன்னா ஜனவரியில உன் பிரிவும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட.”

அன்று எட்டு மணிக்கு எல்லோருக்கும் இலவச மருத்துவம் பற்றிச் சிறப்பு நிகழ்ச்சி. வழக்கம்போல் நான் போனபோது ரோவீனா போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் இருந்தார். காப்பீட்டு நிறுவனங்களை வறுத்தெடுத்துக்கொண்டே கேக் சாப்பிட்டார். எட்டு இருபதுக்குத் தட்டைக் கீழே வைத்தார்.

“லோவெல், நெஞ்சு என்னமோ பண்ணுது. போன் சமையல்கட்டுல இருக்கு, எடேன்.”

இந்தப் பகுதி முடியட்டும் என்றேன். அவரும் தலையாட்டினார், பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மாவை அவருக்குப் பிடிக்கும். ஐந்து நிமிடம் கழித்து முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“கையெல்லாம் வலிக்குதுப்பா. விளையாடாத. கூப்பிடு.”

கூப்பிடுகிறேன், விளக்கு மின்னியதும் பொத்தானை அழுத்திவிடுங்கள், உடனே கூப்பிடுகிறேன் என்றேன். நான் கோபமாகப் பேசவில்லை. என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அந்த வீட்டில் பார்ப்பவர் யாருமில்லை. அவர் போன பிறகு நானே அழுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். டிடெக்டிவ், அது மோசடி. இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுவது என் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். அதற்கு என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் பேசவில்லை. மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. நிகழ்ச்சி காதில் விழவில்லை, அதனால் ஒலியைக் கூட்டினேன். போர்வை நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை எடுத்துப் போர்த்திவிட்டேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அதை டிவி பக்கம் திருப்பிவைத்தேன். அது அவருக்குப் பிடித்த நிகழ்ச்சி.

எட்டு ஐம்பத்து நான்குக்கு விளக்கு மின்னியது. பொத்தானை நான் அழுத்தவில்லை. அவர் கையை எடுத்து, அவர் விரலைக் கொண்டே அழுத்தினேன். நீங்கள் ரேகையைச் சோதித்தால் தெரியும். ஒன்பது மணிக்குத் தொகுப்பாளர், அக்கம்பக்கத்தாரைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தார். ஒன்பது இரண்டுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

நாங்கள் ஜெயித்தோம். அலுவலகத்தில் பலூன் கட்டினார்கள், தேயர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். ரோவீனா மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது.

அவர் உயிர் எட்டு நாற்பதுக்கே போய்விட்டது என்று உங்கள் டாக்டர் சொல்வதாகச் சொன்னீர்கள். டாக்டருடன் நான் சண்டைக்கு நிற்கவில்லை. ஆளை அங்கேயே உட்கார வைத்துச் சாகவிட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கள்ளக் கணக்கு என்று மட்டும் எழுதாதீர்கள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அந்தப் பெட்டி கேட்பதில்லை. அறையில் இருக்கிறாரா என்றுதான் கேட்கும். அவர் இருந்தார்.